குரோஷியக் குடியுரிமை பெறவிருக்கும் தம்பியின் சென்னைச் சொத்துகள்: என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: வேளச்சேரி அண்ணன்

வணக்கம். என் தம்பி பல ஆண்டுகளாக ஸாக்ரெப் நகரில் பொறியாளராக வேலை செய்கிறார். நிரந்தர வசிப்புரிமை பெற்றுவிட்ட அவர், இப்போது குரோஷியக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க ஆவணங்களைத் திரட்டி வருகிறார். வேளச்சேரியில் அவர் வாங்கிய அடுக்குமாடி வீடு ஒன்று வாடகைக்கு விடப்பட்டிருக்கிறது. மதுராந்தகம் அருகே அப்பா விட்டுச்சென்ற நஞ்சை நிலத்துக்கு எங்கள் இருவர் பெயரிலும் கூட்டுப் பட்டா இருக்கிறது. தம்பி கொடுத்த பொது அதிகாரப் பத்திரத்தை வைத்து இவற்றை நான்தான் கவனித்து வருகிறேன். இந்தியக் குடியுரிமை போனால் நிலத்தை அரசு எடுத்துக்கொள்ளும் என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து அம்மாவுக்கு நிம்மதியில்லை. இவற்றைத் தம்பி தொடர்ந்து வைத்துக்கொள்ள முடியுமா? விண்ணப்பிக்கும் முன்பே விற்றுவிட வேண்டுமா?

மறுமொழி: ஆவண எழுத்தர், தாம்பரம்

ஐயா, முதலில் அம்மாவிடம் நிலம் எங்கும் போகாது என்று சொல்லிவிடுங்கள். 1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், அதாவது ஃபெமா, 6(5)-ஆம் பிரிவில் இதைத் தெளிவாகவே சொல்கிறது. ஒருவர் இந்தியாவில் வசித்தபோது வாங்கிய சொத்தையும், இந்தியாவில் வசித்தவரிடமிருந்து வாரிசாகப் பெற்ற சொத்தையும், வெளிநாட்டில் குடியேறிய பிறகும் அவர் வைத்திருக்கலாம். அது விவசாய நிலமாக இருந்தாலும் இதே விதிதான்.

புதிதாக விவசாய நிலமோ, தோட்டமோ, பண்ணை வீடோ விலைக்கு வாங்கத்தான் தடை. அந்தத் தடைகூட உங்கள் தம்பி வெளிநாடுவாழ் இந்தியராக ஆன நாளிலேயே வந்துவிட்டது. பலரும் கடவுச்சீட்டு மாறும் நாளை நினைத்துப் பயப்படுகிறார்கள். சொத்தைப் பொறுத்தவரை பெரிய மாற்றம் வசிப்பிடம் மாறியபோதே நடந்து முடிந்திருக்கும். இனி அந்த நஞ்சையை விற்பதென்றால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்கே விற்க முடியும். தம் பங்கை உங்களுக்கே செட்டில்மென்ட்டாகவோ (விலையின்றிக் குடும்பத்தாருக்கு எழுதித் தருவது) விடுதலைப் பத்திரமாகவோ (கூட்டுச் சொத்தில் தம் பங்கை விட்டுக்கொடுப்பது) எழுதிக் கொடுக்கவும் தடையில்லை. அவசரப்பட்டு விற்காதீர்கள். அவசரக்காரரின் நிலத்துக்குத் தரகர்கள் சொல்லும் விலையை நான் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மறுமொழி: அடையாறு வாசகி

என் கணவரின் பணி காரணமாக நாங்கள் ஸாக்ரெபில் வசித்திருக்கிறோம் என்பதால், அந்தப் பக்கத்து நடைமுறையைச் சொல்கிறேன். எட்டு ஆண்டு தொடர் வசிப்பு, நிரந்தர வசிப்புரிமை, குரோஷிய மொழியறிவு ஆகியவற்றின் அடிப்படையில் விண்ணப்பிப்பவரிடம், பழைய குடியுரிமையிலிருந்து விடுபட்டதற்கான சான்றைக் கேட்பார்கள். குரோஷியக் குடிமக்களை மணந்தவர்களுக்கும் குரோஷிய வம்சாவளியினருக்கும் அந்நாட்டுச் சட்டம் இந்த நிபந்தனையை வைக்கவில்லை. ஆனாலும் இந்தியர்களுக்கு அந்தச் சலுகையால் பயனில்லை. வேறு நாட்டின் குடியுரிமையை விரும்பிப் பெற்ற கணமே இந்தியக் குடியுரிமை தானாக நீங்கிவிடும் என்பது நம்முடைய 1955-ஆம் ஆண்டுச் சட்டம்.

நாடற்றவராக யாரும் நின்றுவிடக் கூடாது என்பதற்காக, குடியுரிமை வழங்கப்படும் என்ற உறுதி ஆவணம் ஒன்றை இரண்டு ஆண்டுக் கால அளவுக்கு குரோஷிய உள்துறை அமைச்சகம் தருகிறது. அது கைக்கு வராமல் உங்கள் தம்பி இந்தியக் குடியுரிமையைத் துறக்க வேண்டாம். துறந்த நாளுக்கும், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டை கிடைக்கும் நாளுக்கும் இடையே சில மாதங்கள் ஓடிவிடும். அந்த இடைவெளியில் சென்னையில் எந்தப் பத்திரப் பதிவையும் வைத்துக்கொள்ளாதீர்கள். தம்பி எந்த நாட்டவர், கையில் உள்ள கடவுச்சீட்டு செல்லுமா என்ற கேள்விக்கே பதில் இல்லாத காலம் அது. ஓசிஐ வந்துவிட்டால் வீடு, கடை, மனை வாங்குவதில் வெளிநாடுவாழ் இந்தியருக்கு உள்ள உரிமை மீண்டும் கிடைத்துவிடும்.

வெளிநாட்டில் சொத்து இருப்பது குரோஷியக் குடியுரிமைக்குத் தடையாகாது. குடியுரிமை கிடைத்தால் குரோஷியாவில் வீடு வாங்குவதும் எளிதாகிவிடும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாட்டவர் வீடு வாங்க நீதித்துறை அமைச்சகத்தின் ஒப்புதல் வேண்டும். குடிமகனுக்கு அது தேவையில்லை.

மறுமொழி: தணிக்கையாளர், தி.நகர்

மேலே இருவரும் சொன்னவை சரி. ஆனால் நடைமுறையில் பணம் கரைவது வரியில்தான், அதைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

வேளச்சேரி வீட்டின் வாடகை பொதுவாக என்ஆர்ஓ கணக்கில், அதாவது வெளிநாட்டில் வசிப்பவர் தம் இந்திய வருமானத்துக்காக இங்கே வைத்திருக்கும் வங்கிக் கணக்கில், வரவு வைக்கப்படும். வெளிநாட்டில் வசிப்பவருக்கு வாடகை கொடுப்பவர் 30 சதவீத வரியும் அதன் மேல் செஸ் என்ற கூடுதல் தீர்வையும் பிடித்தம் செய்து வருமான வரித் துறைக்குச் செலுத்த வேண்டும் என்பது சட்டம். குடியிருப்பவர் உங்களிடம் முழு வாடகையையும் கொடுத்து வருகிறார் என்றால், அதைச் சரிசெய்ய வேண்டியது தம்பியின் குடியுரிமைக்காக அல்ல, இன்றைக்கே.

விற்கும்போது வேறுபாடு இன்னும் பெரிது. உள்ளூரில் வசிப்பவர் 50 லட்சத்துக்கு மேல் விலையுள்ள வீட்டை விற்றால் வாங்குபவர் விலையில் 1 சதவீதத்தை வரியாகப் பிடிப்பார். வெளிநாட்டில் வசிப்பவர் விற்றால் நீண்டகால மூலதன ஆதாய வரி 12.5 சதவீதமும் கூடுதல் வரியும் செஸ்ஸும் பிடிக்கப்படும். அதையும் பெரும்பாலான வாங்குபவர்கள் ஆதாயத்தின் மேல் கணக்கிடாமல் முழு விலையின் மேல் பிடித்துவிடுகிறார்கள். ஆகவே, விற்பனை ஒப்பந்தம் போட்டவுடனே குறைந்த வரி பிடித்தால் போதும் என்று வருமான வரித் துறை தரும் குறைந்த பிடித்தச் சான்றிதழுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். விற்ற பணத்தை என்ஆர்ஓ கணக்கிலிருந்து நிதியாண்டுக்கு 10 லட்சம் டாலர் வரை வெளியே அனுப்பலாம்.

தம்பி குரோஷியாவில் வசிப்பதால் உலகின் எந்த மூலையில் வரும் வருமானத்தையும் அங்கே அறிவிக்கக் கடமைப்பட்டவர். அந்தக் கடமையும் கடவுச்சீட்டால் வருவதல்ல, அங்கே வசிப்பதால் வருவது. இந்தியாவுக்கும் குரோஷியாவுக்கும் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருப்பதால் இங்கே கட்டிய வரிக்கு அங்கே வரவு கோரலாம். அதற்காக இங்கே கணக்குத் தாக்கல் செய்த நகல்களையும் வரி செலுத்திய சான்றுகளையும் ஆண்டுவாரியாகச் சேர்த்து வையுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. வாடகை விஷயத்தை இந்த வாரமே கவனிக்கிறேன். என்னிடம் உள்ள அதிகாரப் பத்திரத்தில் தம்பியின் இந்தியக் கடவுச்சீட்டு எண் இருக்கிறது. அது இனியும் செல்லுமா?

மறுமொழி: ஆவண எழுத்தர், தாம்பரம்

குடியுரிமை மாறிய காரணத்தால் மட்டும் அதிகாரப் பத்திரம் ரத்தாகிவிடாது. ஆனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பழைய எண்ணையும் புதிய கடவுச்சீட்டையும் ஒப்பிட்டுக் கேள்வி எழும். அதிகாரம் கொடுத்தவர் உயிருடன் இருப்பதற்கான சான்றும் கேட்பார்கள். எனவே ஓசிஐ வந்த பிறகு புதிதாக ஒன்றை எழுதி வாங்கிவிடுவது நல்லது. அங்குள்ள நோட்டரி முன்னிலையில் கையெழுத்திட்டு அப்போஸ்டில் முத்திரை (ஆவணம் வேறு நாட்டிலும் செல்லும் என்பதற்கான அரசுச் சான்று) பெற்று அனுப்பச் சொல்லுங்கள். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் முத்திரைத் தீர்வை செலுத்திவிட வேண்டும். பான் அட்டை விவரங்களிலும் வங்கியிலும் குடியுரிமை மாற்றத்தைத் தெரிவிக்கச் சொல்லுங்கள். ஒப்படைத்த இந்தியக் கடவுச்சீட்டையும் அதற்கான சான்றிதழையும் மூலப் பத்திரங்களோடு பத்திரப்படுத்தி வையுங்கள். பழைய பத்திரத்தில் இருப்பவரும் ஓசிஐ அட்டையில் இருப்பவரும் ஒருவரே என்று காட்ட அவைதான் உதவும்.