விசை வரம்பு அதிர்வுச் சோதனை: சென்சார் குறைவாகக் காட்டுகிறது

வணக்கம். மதுரை கப்பலூர் பக்கம் ஒரு ஆய்வுக்கூடத்தில், எங்கள் மாணவர் குழு செய்த செயற்கைக்கோள் கேமராவை ஷேக்கரில் (அதிர வைத்துச் சோதிக்கும் மேசை) ஏற்றியிருக்கிறோம். அடியில் உள்ள சென்சார்கள் அளக்கும் விசை ஒரு அளவைத் தொட்டதும் ஷேக்கர் அதிர்வைக் குறைக்க வேண்டும், அதுதான் விசை வரம்பு. கேமரா 4.2 கிலோ, விசை சென்சார்களுக்கு மேலே உள்ள தட்டு 1.1 கிலோ. முதல் ஒத்ததிர்வு (கேமரா மிகப் பெரிதாக அதிரும் அதிர்வெண்) 160 ஹெர்ட்ஸ் அருகில்தான். அதற்கு வெகு கீழே, 20-40 ஹெர்ட்ஸில், விசையை முடுக்கத்தால் வகுத்தால் 5.3 கிலோ வர வேண்டும், 4.6தான் வருகிறது. போன வாரத்திலிருந்து இதே கதை.

அழுத்தினால் மின்னூட்டம் தரும் நான்கு பீசோ விசை சென்சார்களையும் இடம் மாற்றினோம், கேபிள் மாற்றினோம், அந்த மின்னூட்டத்தை மின்னழுத்தமாக மாற்றும் சார்ஜ் ஆம்ப்ளிஃபயரும் வேறு வைத்துப் பார்த்தோம். ஒன்றும் அசையவில்லை. அப்புறம் டார்க் ரெஞ்சால் (முறுக்கு விசையை அளந்து முறுக்கும் ஸ்பேனர்) போல்ட்டுகளைத் திரும்ப முறுக்கியதும் அளவு லேசாக நகர்ந்தது. சென்சாரை அழுத்திப் பிடிக்கும் போல்ட்டே விசையில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது என்று சந்தேகம். இப்படியே விட்டால் ஒத்ததிர்வில் விசை வரம்பு பிடிக்க வேண்டிய இடத்தில் பிடிக்காது, லென்ஸ் தாங்கிக்குத்தான் ஆபத்து.

தராசு காட்டும் நிறைக்கும் சென்சார் காட்டும் நிறைக்கும் உள்ள விகிதத்தால் உணர்திறனைத் திருத்திக்கொண்டு முழு அளவுச் சோதனைக்குப் போகலாமா?