கோனிஸ்டன் 1928: கான்ஸ்டபிள் மரேயை மட்டும் குறை சொல்வது நியாயமா?

அரவிந்த்:
மத்திய ஆஸ்திரேலியாவில் பழங்குடியினர் பலர் சுட்டுக் கொல்லப்பட்ட கோனிஸ்டன் படுகொலை பற்றிப் பேசும்போதெல்லாம் கான்ஸ்டபிள் ஜார்ஜ் மரேயை அரக்கனாக்கிவிடுகிறோம். எனக்கு அது ஒப்பவில்லை. கோனிஸ்டன், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊரிலிருந்து சுமார் 250 கிலோமீட்டர் தள்ளியிருந்த மாட்டுப் பண்ணை. உதவி கேட்டு ஆள் அனுப்பினால் போலீஸ் வர நாள்கணக்காகும். கடும் வறட்சி வேறு. பழங்குடியினர் மாடுகளை ஈட்டியால் குத்துகிறார்கள் என்று பண்ணைக்காரர்கள் புகார் மேல் புகார் கொடுத்தார்கள். 1928 ஆகஸ்டில் பிரெட் புரூக்ஸ் என்ற டிங்கோ (காட்டு நாய்) வேட்டைக்காரர் கொல்லப்பட்டார். அங்கே குடியேறியவர்கள் எவ்வளவு பயந்திருப்பார்கள் என்றும் யோசியுங்கள்.

தேன்மொழி:
பயம் அவர்களுக்கு மட்டுமா? வறட்சியில் அங்கே வாழ்ந்த வார்ல்பிரி பழங்குடி மக்களுக்கு மிஞ்சியவை வற்றாத சில சுனைகள்தான். பண்ணைக்காரர்கள் மாடுகளை ஓட்டி வந்ததும் அதே சுனைகளுக்குத்தான். மாடு மிதித்துச் சேறாக்கிய தண்ணீரை மனிதர் குடிக்க முடியாது, வேட்டை விலங்கும் அந்தப் பக்கம் வராது. பசியில் மாட்டைக் குத்தினார்கள். புரூக்ஸ் கொலையும் ஒருவரின் மனைவி தொடர்பான தகராறில் நடந்தது என்றுதான் அந்த மக்கள் இன்றும் சொல்கிறார்கள்.

சரி, கொலை நடந்தது. கொன்றவரைப் பிடிப்பதுதானே போலீஸ் வேலை? மரே குதிரைகளோடு கிளம்பி, வாரக்கணக்கில் முகாம் முகாமாகப் போய்ச் சுட்டார். அரசுக் கணக்கிலேயே 31 பேர். பிழைத்தவர்களின் குடும்பங்கள் சொல்வது அதைவிட மிக அதிகம். பெண்களும் குழந்தைகளும் செத்தார்கள் என்கிறார்கள்.

அரவிந்த்:
அரசு அமைத்த விசாரணைக் குழு, நடந்ததெல்லாம் தற்காப்புதான் என்று முடிவு சொன்னதே. மரே முதல் உலகப் போரில் கலிப்போலியில் போரிட்ட பழைய சிப்பாய். அன்றைய ஆளை இன்றைய அளவுகோலால் அளக்கக் கூடாது.

கதிர்:
அந்தக் குழுவில் இருந்த மூன்று பேரில் ஒருவர் காவுட். மத்திய ஆஸ்திரேலியாவின் அரசுப் பிரதிநிதி, மரேயின் மேலதிகாரி. தன் ஆள் செய்ததைத் தானே விசாரித்தார்! இறந்தவர்கள் பக்கம் பேச ஒரு வக்கீல்கூட இல்லை.

அன்றைய அளவுகோலையே எடுத்துக்கொள்வோம். புரூக்ஸ் கொலை வழக்கில் நிறுத்தப்பட்ட இருவரும் அதே வருடம் டார்வினில் விடுதலையானார்கள். அங்கே சாட்சி சொன்ன மரே, கொல்லவே சுட்டதாக ஒப்புக்கொண்டார். நூற்றுக்கணக்கான மைல் தள்ளிக் காயம்பட்ட ஒரு கறுப்பரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற பொருளிலும் பேசினார். அதைக் கேட்டுப் பத்திரிகைகளும் மிஷனரிகளும் கொதித்த பிறகுதான் விசாரணையே வந்தது. இதில் கொடுமை, பழங்குடியினரின் 'பாதுகாவலர்' பொறுப்பும் மரேயிடமே இருந்தது.

அரவிந்த்:
காவுட் அந்தக் குழுவில் உட்கார்ந்தது தவறுதான், மறுக்கவில்லை. ஆனால் மரே ஒருவர் தலையிலேயே எல்லாவற்றையும் கட்டினால், அடுத்தவர் நிலத்தைக் குத்தகைக்கு விட்ட அரசு தப்பித்துவிடும். பண்ணைக்காரருக்கும் பழங்குடியினருக்கும் நடுவே நாலு போலீஸை நிறுத்தி, 'சமாளியுங்கள்' என்று விட்டது அந்த அரசுதானே?

தேன்மொழி:
அரசின் பொறுப்பை யாரும் குறைக்கவில்லை, அரவிந்த். 2018 நினைவு நாளில் வடக்குப் பிராந்தியப் போலீஸ் ஆணையரே அந்த மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். 90 வருடம் ஆனது அதற்கு. இடையில் மரே மீதோ, கூடப் போன பண்ணைக்காரர்கள் மீதோ ஒரு வழக்குகூடப் போடவில்லை. அதை விட்டுவிட்டு அரசை மட்டும் பேச எனக்கு மனம் வரவில்லை.