பராகுவேயில் குவாரனி எப்படிப் பிழைத்தது?

கேள்வி: தென் அமெரிக்காவின் பராகுவேயில் பூர்வகுடி அல்லாதவர்கள்கூட வீட்டில் பூர்வகுடி மொழியான குவாரனி பேசுகிறார்களாமே, படித்து அசந்துபோனேன். பக்கத்து நாடுகளில் பெரும்பாலும் ஸ்பானிஷோ போர்த்துகீசியமோ பூர்வகுடி மொழிகளை அமுக்கிவிட்டது, இங்கே மட்டும் எப்படி? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1: வீடுதான் காரணம். அங்கே வந்த ஸ்பானியர்கள் குறைவு, அவர்கள் குவாரனிப் பெண்களோடு (பல சமயம் கட்டாயப்படுத்தித்தான்) குடும்பம் நடத்தினார்கள், பிள்ளைகள் அம்மாவின் மொழியில் வளர்ந்தார்கள். அப்புறம் இயேசு சபைப் பாதிரியார்களும் குவாரனியிலேயே போதித்தார்கள், 1639-40இல் அகராதியும் இலக்கணமும் அச்சில் வந்துவிட்டன.

பதில் 2: சரி, ஆனால் மதிப்பு தாமதமாகத்தான் கிடைத்தது. பள்ளியில் குவாரனி பேசினால் தண்டனை என்ற காலம் நெடுநாள் இருந்தது. 1992 அரசியலமைப்புதான் அதை ஸ்பானிஷோடு ஆட்சிமொழி ஆக்கியது. இப்போதும் அலுவலகத் தாள்களில் பெரும்பாலும் ஸ்பானிஷ்தான்.

பதில் 3: குவாரனியோடு நிறுத்திவிடாதீர்கள் நண்பர்களே. பராகுவேயின் மேற்கிலுள்ள சாக்கோ பகுதியில் நிவாக்லே, அயோரேயோ என்ற மொழிகளைப் பேசும் மக்களும் இருக்கிறார்கள், குவானா மொழியை ஒருசில முதியவர்கள்தான் பேசுகிறார்கள். எனக்கு அதுதான் பெரிய வருத்தம்.

கேள்வி கேட்டவர்: நன்றி. குவானா பற்றி இப்போதுதான் கேள்விப்படுகிறேன், தேடிப் படிக்கிறேன்.