புது வண்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனவர்கள்: திருமலைக் கதைகள்

உப்புவெளியான்

திருகோணமலை டவுனில் ஒரு ஷோரூம். பெயர் வேண்டாம், இங்கே பாதிப் பேருக்குத் தெரிந்த இடம்தான். முழுக்காசும் கட்டி எடுத்த ஸ்கூட்டி. மீட்டரில் முப்பது சொச்சம் கிலோமீட்டர் நின்றது. கேட்டதற்கு, லொறியில் ஏற்றி இறக்கும்போது ஓடுகிறதுதான் அண்ணை என்றான் பெடியன். சரி, இருக்கும். வீட்டுக்கு வந்து சீற்றைத் தூக்கினால் உள்ளே கடல் மணல். தூசி இல்லை, மணல். மூலையில் ஒரு சின்னச் சிப்பி வேறு. யாரோ நிலாவெளிக்குக் கொண்டுபோய்க் குளித்துவிட்டு வந்த வண்டியை எனக்குப் புதுசு என்று தள்ளிவிட்டிருக்கிறார்கள்.

அப்படியே திருப்பிக்கொண்டு போனேன். பெடியன் குனிந்து பார்த்தான். பிறகு வாயைக் குவித்து 'பூ' என்று ஊதினான். மணல் பறந்தது. "இப்ப சரி தானே அண்ணை?" என்றான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

மனேஜர் வேறு பாட்டுப் பாடினார். பேப்பர் நாரஹேன்பிட்டிக்கு, வாகனம் பதிகிற கந்தோருக்குப் போய்விட்டதாம், வண்டி என் பெயரில் பதிவாகிறதாம், இனி அவர்கள் திருப்பி எடுத்தால் அடுத்து வாங்குகிறவன் பதிவுப் புத்தகத்தில் இரண்டாவது உரிமையாளராம், அந்த விலைக்கு யாரும் எடுக்கமாட்டார்களாம். கடைசியில் ஒரு ஹெல்மெட்டைத் தந்து அனுப்பினார்கள். வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. அந்த ஊதல்தான் இன்னும் வயிற்றெரிச்சல்.

ஆண்டாங்குளத்து ரீச்சர்

உங்களுக்கு மணல், எனக்கு மலை.

பெற்றோலுக்கு வரிசையில் நின்ற காலம் யாருக்கு மறக்கும்? அதனால்தான் பற்றரி ஸ்கூட்டர். வாங்கும்போதே சொன்னேன், பள்ளிக்கூடம் உவர்மலையில், தினமும் ஏற வேண்டும் என்று. "தாராளமா ஏறும் ரீச்சர்" என்றார்கள். முதல் நாளே பாதி ஏற்றத்தில் முனகி முனகி நின்றுவிட்டது. பின்னால் வந்த ஏழாம் வகுப்புப் பெடியள் சைக்கிளை ஓரமாகப் போட்டுவிட்டு ஓடிவந்து தள்ளினார்கள். நான் சேலையைப் பிடித்துக்கொண்டு ஹாண்டிலைப் பிடிக்கிறேன். கேற்றடியில் அதிபர் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்.

திருப்பி எடுங்கள் என்று போனால் ஷோரூம்காரர் பற்றரியைச் சோதித்தார், மோட்டரைச் சோதித்தார், எல்லாம் சரி என்றார். "வண்டியில பிழை இல்ல ரீச்சர், ஏத்தத்திலதான். கீழ விட்டிட்டு நடந்து போங்கோவன்." இதைச் சிரிக்காமல் சொன்னார்.

கிண்ணியா கரையோரம்

நான் திருப்பிக் கொடுத்தேன், எடுத்தார்கள். ஆனால் எப்படி என்று கேளுங்கள்.

வாப்பாவுக்கு ஆட்டோ, லீசிங்கில். கம்பனி ஷோரூமுக்குக் காசு கட்டும், நாங்கள் கம்பனிக்குத் தவணை கட்ட வேண்டும். வண்டி வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது, உம்மா பால் காய்ச்சி எல்லாருக்கும் கொடுத்தாகிவிட்டது. லீசிங் கம்பனி ஆள் வந்து வண்டியில் பொறித்திருக்கும் செசி நம்பருக்கு மேலே மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தான். எழுத்து ஒவ்வொன்றாகக் கறுப்பில் எழும்பி வருகிறது. தாளை இன்வொய்ஸுக்குப் பக்கத்தில் வைத்தான். கடைசிக்கு முந்தின இலக்கம் அங்கே 3, இங்கே 8. எழுத்துப்பிழை என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். இல்லை. அது வேறொருவருக்கு எழுதிய வண்டி, மாறி எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது.

பின்னேரமே லொறி வந்து ஏற்றிக்கொண்டு போய் சரியான வண்டியை இறக்கினார்கள். ஏன் இவ்வளவு மரியாதை? லீசிங் காசு ஷோரூம் கணக்குக்கு இன்னும் போகவில்லை, அவ்வளவுதான். காசு போயிருந்தால் எங்களை நாரஹேன்பிட்டிக்கும் கொழும்பு ஏஜென்ட்டுக்கும் அலையவிட்டிருப்பார்கள். லீசிங் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. புத்தகத்தில் முழு உரிமையாளர் என்று கம்பனியின் பெயர்தான் ஏறும். அதன் பிறகு ஷோரூம்காரனே மனமிரங்கி எடுக்கிறேன் என்றாலும் கம்பனி சம்மதிக்காமல் வண்டியைக் கொடுக்க நாம் யார்?

லண்டனில் ஒரு திருமலையான்

இங்கே புதுக்கார் ஒன்றைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். கியர் மாறும்போதெல்லாம் உதறும். 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தில் 30 நாள் தவணை இருக்கிறது, அதற்குள் வண்டியை நிராகரிக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தேன். கொஞ்சம் இழுத்தடித்தார்கள், பிறகு முழுக்காசும் வந்தது. சாவியைக் கொடுத்துவிட்டு மகளின் சீற்றைக் கையில் தூக்கிக்கொண்டு மழைக்குள் பஸ்ஸுக்கு நடந்தது மட்டும் ஞாபகம். அதற்காக, மனம் மாறினால் திருப்பிக் கொடுக்கலாம் என்று நினைக்காதீர்கள். பிழை இருந்தால்தான். நிறம் பிடிக்கவில்லை என்று போனால் இங்கேயும் சிரிப்பார்கள். ரீச்சருக்கு நடந்தது இங்கே நடந்திருந்தால், ஏற்றம் ஏறும் என்று சொல்லி விற்றதே திருப்பிக் கொடுக்கப் போதும்.

பாலையூற்று கராஜ்

லண்டன் கதை லண்டனில் நல்லது தம்பி. இங்கே வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்றது, தனியார் வாகனத்துக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். இடையில் கிடைத்ததை யார் முதலில் தூக்குவது என்றல்லவா சனம் நின்றது. திருப்பிக் கொடுக்கிற பேச்சை அந்தக் காலத்தில் யார் எடுத்தது?

என் கதை சின்னது. புது மோட்டார் சைக்கிள் ஒன்று என்னிடம் வந்தது, எஞ்சினில் சத்தம். கழற்றலாமா என்று கேட்டேன், கழற்றுங்கள் என்றார் சொந்தக்காரர். கழற்றினேன். வாரண்டி அத்தோடு போயிற்று, வெளியாள் கைவைத்தது என்று சொல்லி ஏஜென்ட் கையை விரித்துவிட்டான். அந்த ஆள் இன்றைக்கும் என்னைக் கண்டால் முகம் கொடுப்பதில்லை.

இனி நான் சொல்வதை எல்லாரும் கேளுங்கள். காசு கட்டமுதல் வண்டியை வெயிலில் தள்ளிவரச் சொல்லுங்கள், ஷோரூம் லைற்றுக்குக் கீழே கீறல் தெரியாது. ரயரின் பக்கச்சுவரில் நாலு இலக்கம் இருக்கும், 2324 என்றால் 2024இன் 23ஆவது கிழமை செய்தது. வண்டி போன மாதம் வந்தது என்பான், ரயர் மூன்று வருடம் பழசாக இருக்கும். அப்படியென்றால் எங்கேயோ வெயிலில் கிடந்த வண்டி. பற்றரியிலும் திகதி பாருங்கள். நட்டுகளின் தலையைப் பாருங்கள், பெயின்ற் உரிந்திருந்தால் யாரோ ஸ்பானர் போட்டிருக்கிறார்கள். நம் ஊர் உப்புக்காற்றுக்கு சைலன்சர் மூட்டிலும் செயின் பக்கத்திலும்தான் முதலில் துரு பிடிக்கும், அங்கே விரலால் தடவிப் பாருங்கள். செசி நம்பரையும் எஞ்சின் நம்பரையும் இன்வொய்ஸோடு நீங்களே ஒப்பிடுங்கள், கிண்ணியாத் தம்பிக்கு லீசிங் ஆள் வந்தபடியால் தப்பியது. பிறகு பிரீ சேர்விஸ். நேரத்துக்குக் கொடுத்து சேர்விஸ் புத்தகத்தில் சீல் வாங்குங்கள், ஒரு சீல் தவறினாலும் பிறகு அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். ஜப்பானில் ஓடி வருகிற, இங்கே இன்னும் பதியாத காரை 'புதுக்கார்' என்று சொல்லி எடுக்கிறவர்கள், அங்கே ஏலத்தில் வண்டியின் நிலையை எழுதிக் கொடுக்கிற ஏலத்தாளைக் கேளுங்கள். தரம் என்ற இடத்தில் R என்று இருந்தால் அடிபட்டுத் திருத்தியது. தாள் இல்லை, தொலைந்துவிட்டது என்றால் எழும்பி வாருங்கள்.

உப்புவெளித் தம்பி, மீட்டர் முப்பது நின்றபோதே எழும்பி வந்திருக்க வேண்டும்.

உப்புவெளியான்

அண்ணை, அட்வான்ஸ் கட்டிவிட்டு மாதக்கணக்காகக் காத்திருந்தவன் எழும்பி எங்கே போவது? அடுத்த லொறி எப்போது வரும் என்று ஷோரூம்காரனுக்கே தெரியாது. கராஜில் இருந்துகொண்டு சொல்வது லேசு.

ஆண்டாங்குளத்து ரீச்சர்

நட்டின் தலையைப் பார்த்தால் ஏற்றம் ஏறுமா இல்லையா என்று தெரியுமா? நான் ஆலோசனை கேட்கவில்லை, நடந்ததைச் சொன்னேன்.

கோட்டடிப் பேனா

சட்டத்தரணி ஒருவரிடம் எழுத்து வேலை செய்கிறேன். தம்பலகாமத்திலிருந்து ஒரு ஐயா லான்ட்மாஸ்டர் (இரண்டு சில்லு உழவு மெசின்) பேப்பர்களை ஷொப்பிங் பையில் போட்டுக் கொண்டுவந்தார். வாங்கிய போகத்திலேயே கியர் பெட்டியில் ஒயில் ஒழுகல். சட்டத்தரணி சேர் எல்லாவற்றையும் புரட்டிவிட்டு ஒரு தாளில் விரலை வைத்தார். 'நன்கு பரிசோதித்து நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்', கீழே ஐயாவின் கையெழுத்து. "இத வாசிச்சுப் போட்டனீங்களா ஐயா?" என்று கேட்டார். ஐயா சொன்னார், "சாவி வேணுமெண்டா போடச் சொன்னாங்கள்."

கராஜ் அண்ணை சொல்வதில் ஒரு விஷயம் சரி, முதலே நன்றாகப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். 1896ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம்தான் இன்றைக்கும் இங்கே ஓடுகிறது. அந்தப் பொருளை விற்கிற தொழில் செய்கிறவனிடம் வாங்கினால் அது விற்பனைக்குத் தகுந்த தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது அது. ஆனால் நீங்கள் பரிசோதித்துவிட்டீர்கள் என்றால், பரிசோதனையில் கண்ணில் பட்டிருக்க வேண்டிய பிழைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அந்த ஒரு வரியை எழுதி வாங்குவது இதற்குத்தான். ஒயில் ஒழுகல் உள்ளுக்குள்ளே இருந்த பிழை என்று சேர் பிறகு வாதாடினார், அது வேறு கதை.

வழக்கு வேண்டாம் என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை, 1977 என்ற இலக்கத்துக்குப் போன் எடுக்கலாம். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம், 13ஆம் பிரிவு. மாற்றிக் கொடு, காசைத் திருப்பிக் கொடு, நட்டஈடு கொடு என்று விசாரித்துக் கட்டளையிட அவர்களுக்கு அதிகாரம் உண்டு. வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். ஷோரூம்காரர் "கொழும்புக்கு அறிவிச்சிருக்கிறம், அடுத்த கிழமை வாங்கோ" என்று நாளைக் கடத்துவது எதற்கு என்று இப்போது விளங்கும். ரீச்சர், ஏறும் என்று சொன்னதற்கு எழுத்தில் ஏதாவது இருக்கிறதா? வட்ஸ்அப் மெசேஜ் இருந்தாலும் அழித்துவிடாதீர்கள்.

ஆண்டாங்குளத்து ரீச்சர்

இருக்கிறது. "எந்த மலையும் ஏறும்" என்று குரல் பதிவே அனுப்பியிருக்கிறார். மூன்று மாதத்துக்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறது, சனிக்கிழமை இருந்து எழுதப்போகிறேன். தமிழில் எழுதினால் எடுப்பார்கள்தானே?

கோட்டடிப் பேனா

எடுக்காமல் என்ன, தமிழும் அரச கரும மொழிதான். இன்வொய்ஸ் பிரதியையும் வாரண்டி அட்டையையும் சேர்த்து அனுப்புங்கள். அசலை யாரிடமும் கொடுக்க வேண்டாம்.

பாலையூற்று கராஜ்

ஏற்றத்தில் நிற்கிறதென்றால் ரயர் காற்றையும் ஒருக்கா பாருங்கள் ரீச்சர். கோபிக்காதீர்கள்.

கிண்ணியா கரையோரம்

ரீச்சர், முறைப்பாடு சரிவராமல் போய் விற்கிற யோசனை வந்தால் எனக்குச் சொல்லுங்கோ. கிண்ணியாவில் பாலத்தை விட்டால் ஏற்றமே இல்லை. விலை மட்டும் பார்த்துச் சொல்லுங்கோ, நான் ரெண்டாவது உரிமையாளர்.