பணத்தை நிறுத்திவிட்டு ஊருக்கு வரலாமா? (மன்னார்குடி வீட்டுக் குழு)

*தம்பி ஜெர்மனி:* எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து எனக்கு இங்கே இருப்புக்கொள்ளவில்லை. வேலை போனபின் இந்த நாட்டு வேலையிழப்புப் பணத்தில்தான் இருக்கிறேன், அதை நானே எழுதிக்கொடுத்து நிறுத்திவிட்டு வந்து சம்பா அறுவடை வரை ஊரில் இருக்கலாம் என்று பார்க்கிறேன். புது வேலை இன்னும் அமையவில்லை. திட்டாமல் யோசனை சொல்லுங்கள்.

*மன்னார்குடி பெரியப்பா:* வாடா தம்பி, முதலில் வந்து சேர். ஆனால் பணத்தை ஏன் நிறுத்துகிறாய்? நீ இங்கே இருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியப்போகிறது? அது பாட்டுக்குக் கணக்கில் விழட்டும், உங்கப்பா ஆஸ்பத்திரிச் செலவுக்காவது ஆகும்.

*தம்பி ஜெர்மனி:* அப்படிச் செய்யக்கூடாது பெரியப்பா. வேலை தேடிக்கொண்டு, கூப்பிட்டால் போய் நிற்கும் தூரத்தில் இருப்பவனுக்குத்தான் அந்தப் பணம். முன்கூட்டியே அனுமதி வாங்கினால் வருடத்துக்கு மூன்று வாரம் வெளியூர் போகலாம், அவ்வளவுதான். சொல்லாமல் வந்து பிடிபட்டால் வாங்கியதையும் எனக்காகக் கட்டிய மருத்துவக் காப்பீட்டுத் தொகையையும் திருப்பிக் கேட்பார்கள். பிடிபடாவிட்டாலும் எனக்கு மனசு ஒப்பாது.

*கும்பகோணம் அத்தை:* ஏண்டா கண்ணு, வேலை கிடைக்கும் முன்னே கையில் வருவதை யாராவது விடுவார்களா? இங்கே என் சின்னவன் டிகிரி முடித்து, எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸில் பதிந்து ஐந்து வருஷம் காத்திருந்த பிறகுதான் மாசம் 600 ரூபாய் உதவித்தொகைக்கு மனுப் போட முடிந்தது. அதுவும் மூன்று வருஷத்துக்குத்தான், மூன்று மாசத்துக்கு ஒரு தடவை சேர்த்துப் போடுகிறார்கள். அதற்கே வேலை எதுவும் பார்க்கவில்லை என்று வருஷா வருஷம் உறுதிமொழி எழுதிக் கொடுக்கிறான். உனக்கு வாங்கின சம்பளத்தில் பாதிக்கு மேலே கொடுக்கிறார்கள் என்றாயே.

*தம்பி ஜெர்மனி:* ஆமாம் அத்தை, கைக்கு வந்த சம்பளத்தில் 60 சதவீதம், பிள்ளை இருந்தால் 67. ஆனால் நிறுத்தினால் மிச்சம் போய்விடாது. நான் வேலையிழப்புக் காப்பீட்டுக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் கட்டியிருப்பதால் மொத்தம் 12 மாதம் உண்டு, வாங்காத மாதங்கள் அப்படியே இருக்கும். திரும்பிப் போய் மறுபடி பதிந்தால் அந்த நாளிலிருந்து வரும். உரிமை தொடங்கிய நாளிலிருந்து நான்கு வருஷத்துக்குள் கேட்டுவிட வேண்டும். நடுவில் ஊரில் இருந்த மாதங்களுக்கு மட்டும் எதுவும் கிடையாது.

*திருவாரூர் மாமா:* அப்படியென்றால் பயமில்லையே. விசா?

*தம்பி ஜெர்மனி:* இங்கே நிரந்தரமாகத் தங்கும் அனுமதி இருக்கிறது மாமா. சாதாரணமாக ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் அது போய்விடும். நான் பிப்ரவரியில் திரும்பிவிடுவேன். இன்னொன்று, நாளைக்கே நிறுத்த எழுதிவிடலாம் என்று இருக்கிறேன், டிக்கெட் அடுத்த மாதம்தான் கிடைக்கிறது என்றாலும். வேலை செய்யாமல் வாங்கக் கூச்சமாக இருக்கிறது.

*தஞ்சாவூர் அக்கா:* இதைத்தான் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஊருக்கு வருவதற்காக நிறுத்து, அது சரி, அதில் உன்னை யாரும் குறை சொல்ல முடியாது. கூச்சத்துக்காக ஒரு நாள் முன்னால்கூட நிறுத்தாதே. உன் சம்பளத்தில் இதற்கென்றே மாசாமாசம் 1.3 சதவீதம் பிடித்தார்கள், அதே அளவு கம்பெனியும் கட்டியது என்று நீதானே சொன்னாய்? அப்பா சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு 1.5 சதவீதம் பிரீமியம் கட்டுகிறார், வெள்ளத்தில் பயிர் அழுகிப்போய் இழப்பீடு வந்தால் யாராவது கூச்சப்படுகிறோமா? நீ இன்றைக்கும் விண்ணப்பம் போடுகிறாய், இண்டர்வியூவுக்குப் போகிறாய், கூப்பிட்டால் போய் நிற்கிறாய். விமானம் ஏறும் நாள்வரை அது உன் பணம். ஏறும் நாளிலிருந்து நிறுத்தச் சொல்லி எழுது, அதற்குச் சான்று வாங்கி வைத்துக்கொள்.

*கும்பகோணம் அத்தை:* நல்லாச் சொன்னாய் பாப்பா.

*தஞ்சாவூர் அக்கா:* மருத்துவக் காப்பீட்டை மறந்துவிடாதே. இப்போது அதை உனக்குப் பணம் கொடுக்கும் வேலைவாய்ப்பு ஆபீஸ்தானே கட்டுகிறது? பணம் நின்றால் அதுவும் நிற்கும். உன் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போன் போட்டு, இத்தனை மாதம் இந்தியாவில் இருப்பேன், திரும்பி வந்தால் எப்படிச் சேர்ப்பீர்கள் என்று கேட்டு பதிலை எழுத்தில் வாங்கு. இங்கே இருக்கும் காலத்துக்குத் தனியாக ஒரு பாலிசி எடுத்துவிடு.

*தம்பி ஜெர்மனி:* சரிக்கா. அதை நான் யோசிக்கவே இல்லை.

*மன்னார்குடி பெரியப்பா:* நான் சொன்னதை விட்டுவிடு தம்பி. அங்கே உனக்குக் கெட்ட பேர் வந்தால் நமக்குத்தான் வேதனை.

*திருவாரூர் மாமா:* மாப்பிள்ளை, உண்மையில் இங்கே ஆள் தேவைதான். குறுவை நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் கொட்டி வைத்திருக்கிறோம், சாக்கு இல்லை என்று எடை போடவில்லை. நேற்று மெஷினில் ஈரப்பதம் 19 காட்டியது, 17க்கு மேல் இருந்தால் எடுக்க மாட்டேன் என்கிறார்கள். பகலில் ரோட்டில் காயவைத்து, சாயங்காலம் மழை இருட்டினால் குவித்துத் தார்ப்பாய் போடுகிறோம். அடியில் இருக்கிற நெல் கையில் எடுத்தால் சுடுகிறது, இரண்டு நாளில் முளைவிட்டுவிடும். உங்கப்பா படுக்கையிலிருந்து மணிக்கு ஒரு தடவை போன் போடுகிறார். உங்கம்மா எத்தனைக்குத்தான் ஓடுவார்.

*தம்பி ஜெர்மனி:* அப்பா என்னிடம் நெல் எல்லாம் போட்டாச்சு என்றாரே.

*தஞ்சாவூர் அக்கா:* உன்னிடம் அப்படித்தான் சொல்வார். நேற்றுதான் வாக்கர் பிடித்து வாசல் வரை வந்தார். கழிவறைக்குக் கூட்டிப்போக ராத்திரி ஓர் ஆள் வேண்டும், அம்மாவுக்குத் தூக்க முடியவில்லை. நான் தஞ்சாவூரிலிருந்து சனி ஞாயிறு மட்டும்தான் வருகிறேன். அதனால் வா, நான் தடுக்கவில்லை.

*கும்பகோணம் அத்தை:* வேலை தேடுவது?

*தம்பி ஜெர்மனி:* முதல் சுற்று எல்லாமே வீடியோவில்தான் அத்தை. வீட்டில் நெட் சரியாக வந்தால் போதும்.

*மன்னார்குடி பெரியப்பா:* நெட் கனெக்‌ஷன் நான் போட்டுத் தருகிறேன், திங்கட்கிழமை ஆள் வரச்சொல்லிவிட்டேன். நீ டிக்கெட் போட்டதும் தேதியைச் சொல், திருச்சிக்குக் கார் அனுப்புகிறேன்.