“ஹரி சேர்” என்றால் விளங்கிவிட்டது என்று அர்த்தமா?

கிடங்குப் பொறுப்பாளர்:
புறக்கோட்டையில் ஒரு புடவை மொத்தக் கடையில் வேலை செய்கிறேன். போன மாதம் முகாமையாளர் எங்கள் தம்பி ஒருவரைத் தொலைபேசியில் கூப்பிட்டு, “வெள்ளிக்கிழமை மட்டக்களப்புச் சாமான் போக வேண்டும்” என்று சிங்களத்தில் சொன்னார். தம்பி “ஹரி சேர்”, அதாவது “சரி ஐயா” என்றார். வெள்ளி இரவு லொறியில் ஏற்றினோம். முகாமையாளர் நினைத்ததோ, வெள்ளி காலையே சாமான் அங்கே இறங்கியிருக்க வேண்டும் என்று. ‘போக வேண்டும்’ என்றால் புறப்படுவதா, போய்ச் சேருவதா? மட்டக்களப்புக் கடைக்காரர் வேறிடத்தில் வாங்கிவிட்டார். எல்லோர் முன்னாலும் ஏச்சு வாங்கியது தம்பி. சொன்னவர் மேல் பிழையே இல்லையா?

வெள்ளவத்தை முகாமையாளர்:
நானும் ஆட்களை வைத்து வேலை வாங்குகிறவன்தான். நாள் முழுக்க அழைப்பு வந்தபடி இருக்கும். “எத்தனை மணிக்கு சேர்?” என்று கேட்க இரண்டு விநாடி போதும். கேட்காமல் தலையாட்டியதுதான் பிழை.

கொட்டாஞ்சேனை அக்கா:
அண்ணை, அந்த இரண்டு விநாடிக் கேள்விக்கு என்ன பதில் கிடைக்கும் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். “இதுகூடத் தெரியாதா?” ஒருமுறை அப்படிக் கேட்டவன் மறுபடி வாய் திறக்க மாட்டான். மலையகத்திலிருந்தும் கிழக்கிலிருந்தும் வருகிற பிள்ளைகள் பலருக்குச் சிங்களம் அரைகுறை. பாதி விளங்கும், மீதியை ஊகிப்பார்கள். அவர்களுடைய “ஹரி”, காதில் விழுந்தது என்பதற்கு மட்டும்தான்.

வெள்ளவத்தை முகாமையாளர்:
அப்போ எல்லாவற்றையும் எழுதிக் கொடுப்பதா? பிறகு “எழுத்தில் இல்லை, அதனால் செய்யவில்லை” என்பார்கள். என் இடத்திலேயே பார்த்திருக்கிறேன்.

கிடங்குப் பொறுப்பாளர்:
வேலைக்கு எடுக்கும்போதே நிபந்தனைகளை எழுத்தில் கொடுக்கச் சொல்கிறது 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம். அதனால் நம்பிக்கை குறைந்துவிட்டதா? நான் கேட்பது நாள், நேரம், இடம் மட்டும். வட்ஸ்அப்பில் ஒரு வரி.

கட்டுநாயக்க:
1977 மார்ச் 27, ஸ்பெயினின் தெனரீஃப் தீவு விமான நிலையம். பனிமூட்டம். புறப்பட அனுமதி கிடைத்துவிட்டதாக நினைத்த விமானி ஓடுபாதையில் வேகமெடுத்தார். கட்டுப்பாட்டுக் கோபுரம் முதலில் “ஓகே” என்றது, அடுத்து “காத்திருங்கள்” என்றது. அதே நொடியில் இன்னொரு விமானமும் வானொலியில் பேசியதால் விமானி அறையில் தெளிவாகக் கேட்டது “ஓகே” மட்டும். இரண்டு போயிங் 747கள் மோதி 583 பேர் இறந்தார்கள். விமானி கட்டளையை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும், கோபுரம் அதைக் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்பதில் அதன் பிறகு இறுக்கம் கூடியது. கேட்டுச் சரிபார்ப்பது கட்டளை கொடுத்தவரின் வேலை.

வெள்ளவத்தை முகாமையாளர்:
சரி, திருப்பிச் சொல்ல வைப்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் பிள்ளைக்குச் சோதனை வைப்பது போல இருக்காதா?

கொட்டாஞ்சேனை அக்கா:
“விளங்கிச்சா?” என்று கேட்டால் சோதனைதான். “எப்படிச் செய்யப் போகிறாய், சொல்லு பார்ப்போம்” என்று கேட்டுப் பாருங்கள். தமிழில் சொல்லவும் விடுங்கள்.

கிடங்குப் பொறுப்பாளர்:
அடுத்த லொறிக்குத் தம்பியே எழுதி முகாமையாளருக்கு அனுப்பியிருக்கிறார்: “திங்கள் மாலை 6 மணிக்கு இங்கிருந்து புறப்படும். செவ்வாய் காலை 8 மணிக்கு அங்கே இறங்கும்.”

வெள்ளவத்தை முகாமையாளர்:
நல்லது. அன்றைக்கு ஏசியதைப் பற்றி அவர் தம்பியிடம் பேசினாரா?

கிடங்குப் பொறுப்பாளர்:
இன்னும் இல்லை.