100 வோல்ற் ஆர்கேட் பெட்டி, உப்புக்காற்றில் கிடந்தது: எங்கிருந்து தொடங்குவது?

உப்புவெளி_27

வணக்கம். திருகோணமலை உப்புவெளியில் கடலிலிருந்து 300 மீற்றர் தள்ளின வீட்டுக்கு நின்று விளையாடுற பழைய ஆர்கேட் பெட்டி ஒன்று வந்திருக்கு. பின்தகட்டில் ஏசி 100 வோல்ற் என்று அடிச்சிருக்கு, ஆனால் வயர் நுனியில் எங்கட சதுரப் பின் பிளக் போட்டிருக்கு. உள்ளே 20 அங்குலப் படக்குழாய் மொனிற்றர், ஜாமா வயரிங் (கேம் போர்டை மாத்திப் போடக்கூடிய பொது வயரிங் முறை), ஒரு கேம் போர்ட். அடிப்பலகை மழைத்தண்ணி குடிச்சு பத்து சென்ரிமீற்றர் உயரத்துக்கு ஊதி உதிருது. தந்தவர் சொன்னது: போன வருசம் வரை ஓடினது, படத்தின் மேல்விளிம்பு மட்டும் மடிஞ்சு வெள்ளைக் கோடுகளாகத் தெரியும். நான் இன்னும் பிளக்கைக் குத்தேல்ல.

வெளித்தோற்றம் மாறக் கூடாது, இரண்டு பேர் விளையாட வேணும், பல கேம் ஓடினால் நல்லம். குழாயைக் கழற்றி எல்சிடி போடுறதா? வாடை மழைக்கு முதல் மரவேலை முடிய வேணும்.

உவர்மலை வயர்காரன்

குத்தாமல் விட்டது மிக நல்ல விசயம். அப்படியே விடுங்கோ.

பிளக்கை நம்ப வேண்டாம், தகட்டை நம்புங்கோ. பின்கதவைத் திறந்து மின்வயரைக் கையால் பிடிச்சுக்கொண்டே போங்கோ: முதலில் எங்கே போய்ச் சேருது? 230ஐ 100 ஆக்குற ட்ரான்ஸ்போமர் வழியில் இருந்தால் சரி. இல்லாமல் யாரோ பிளக்கை மட்டும் மாத்தியிருந்தால், குத்தின கணமே பவர் சப்ளையும் மொனிற்றரும் போயிடும். 500 விஏ ஸ்டெப்டவுன் (வோல்ற்றைக் குறைக்கிற ட்ரான்ஸ்போமர்) ஒன்று இந்தப் பெட்டிக்குத் தாராளம். கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கேட்டுப் பாருங்கோ.

இதில் பலர் பிழைவிடுற இடம் ஒன்று இருக்கு. கடையில் கிடைக்கிற ஸ்டெப்டவுன்களில் நிறைய ஒற்றைச் சுருள் வகை. வோல்ற்றைக் குறைக்கும், ஆனால் மெயின்ஸிலிருந்து பிரிக்காது. பழைய ஆர்கேட் மொனிற்றர் பலவற்றின் சேர்க்கிற்றில் எர்த் என்று தெரியுற பகுதியே கரண்ட் உள்ள பகுதி. அதால்தான் மொனிற்றருக்கு என்று மெயின்ஸிலிருந்து பிரிக்கிற தனி ஐசொலேஷன் ட்ரான்ஸ்போமர் பெட்டிக்குள்ளேயே வைப்பார்கள். இடம் அடைக்குது என்று அதைக் கழற்றி எறிஞ்சால் மொனிற்றரும் கேம் போர்டும் சேர்ந்து எரியலாம்.

கை வைக்க முதல் குழாயின் சார்ஜை இறக்க வேணும். பிளக் வெளியே. நல்ல பிளாஸ்டிக் கைப்பிடி உள்ள தட்டை ஸ்குறூட்றைவரின் உலோகத்தில் ஒரு வயரைக் கவ்வி, மறுநுனியைக் குழாயின் கறுத்த முதுகில் ஓடுற செப்புப் பின்னலில் மாட்டுங்கோ. போர்டில் உள்ள எர்த்தில் மாட்ட வேண்டாம். ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஸ்குறூட்றைவர் நுனியை, குழாயில் தடிச்ச வயர் வந்து சேருற றப்பர் தொப்பிக்குக் கீழே மெல்லத் தள்ளினால் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். கேட்காவிட்டாலும் பத்து நிமிடம் விட்டு இன்னொருக்கால் செய்யுங்கோ, கண்ணாடியில் சார்ஜ் திரும்பி ஊறும். பெரிய பில்டர் கப்பாசிற்றரில் 140 வோல்ற் அளவு டிசி நிற்கலாம், அதையும் மீற்றரால் பாருங்கோ. குழாயின் கழுத்தில் மட்டும் முட்டவோ அழுத்தவோ வேண்டாம். உடைஞ்சால் குழாய் முடிஞ்சுது.

படம் மேலே மடியுறது குழாயின் குறை இல்லை. பெரும்பாலும் படத்தை மேலும் கீழும் விரிக்கிற வேர்ட்டிக்கல் ஐசிக்குப் பக்கத்தில் உள்ள சின்ன எலெக்ட்ரோலிட்டிக் கப்பாசிற்றர் உலர்ந்திருக்கும், பல சேஸிகளில் (மொனிற்றரின் மின்போர்ட்) அது 100 மைக்ரோபரட் 35 வோல்ற். அது ஒன்றை மட்டும் மாத்தாமல் சேஸியில் உள்ள எலெக்ட்ரோலிட்டிக் எல்லாத்தையும் 105 பாகை வெப்பம் தாங்குற வகையால் மாத்துங்கோ. மைக்ரோபரட் அதே அளவு, வோல்ற் அதே அல்லது கூட. ஒன்றைக் கழற்றி ஒன்றைப் போடுங்கோ, முதலே போட்டோ எடுத்து வையுங்கோ; பிளஸ் மைனஸ் மாறினால் வெடிக்கும்.

கிண்ணியா மரக்காலை

பலகைக்கு நான் சொல்றேன். ஊதின பாட்டிகிள் போர்டைப் பசை ஊற்றி இறுக்கிச் சரிப்படுத்த ஏலாது. ஊதின இடத்துக்கு மேலே ரெண்டு சென்ரிமீற்றர் விட்டு, அதாவது 12 சென்ரிமீற்றர் உயரத்துல, ரெண்டு பக்கமும் ஒரே மட்டத்துல நேராக அறுத்துடுங்க. அதே தடிப்புல மரைன் பிளைவூட் வெட்டி வைங்க. 18 மில்லிமீற்றர் என்று அளக்காம வாங்கிடாதீங்க, பழசு 19 ஆகவும் இருக்கும். உள்பக்கம் 2க்கு 1 அங்குலத் தேக்குச் சட்டம் மூட்டுக்குக் குறுக்காகப் பசையோட திருகணும். திருகு ஸ்ரெயின்லெஸ் 316. சாதாரண திருகு கடற்கரையில கறள் கட்டி, பெயின்ற்றுக்கு மேலால சிவப்பா வழியும்.

வெட்டின விளிம்புதான் தண்ணி குடிக்கிற வாய். எபொக்சி ரெண்டு பூச்சு அங்க கட்டாயம், முகப்புக்கு ஒன்று போதும். அடியில நைலோன் கால் வைச்சு நிலத்துல இருந்து 25 மில்லிமீற்றர் உயர்த்துங்க, கறையான் ஏறினா கண்ணுக்குத் தெரியும். பெயின்ற் உங்க விருப்பம்.

டொக்யார்ட்_றோட்

எல்சிடி போட்டால் வேலை சுகம். 19 அங்குலச் சதுர மொனிற்றர், பழைய கேம் போர்ட் தருகிற 15 கிலோஹேர்ட்ஸ் சிக்னலை விஜிஏ (கணினி மொனிற்றர் சிக்னல்) ஆக்குற ஜிபிஎஸ் 8200 போர்ட், அவ்வளவுதான். 5 வோல்ற்றில் ஓடும். உயர்வோல்ற் பயமும் இல்லை.

உவர்மலை வயர்காரன்

குழாய் செத்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லுவன். இது செத்த குழாய் இல்லை, சில்லறை விலைக் கப்பாசிற்றர் பிரச்சினை. பழைய கேமின் படம் அந்தக் குழாயின் கோடுகளுக்கு என்றே வரைஞ்சது. எல்சிடியில் நீட்டினால் விளிம்பு மங்கும். குழாயை முதல் திருத்திப் பாருங்கோ, தம்பி.

பல கேமுக்கு றாஸ்பெரி பை என்ற சின்னக் கணினியைப் போடலாம். ஆனால் 15 கிலோஹேர்ட்ஸ் ஆர்ஜிபி தருகிற ஜாமா அடாப்ரர் வேணும், அதில் வீடியோ அம்பிளிபயரும் இருக்க வேணும், விஜிஏயின் 0.7 வோல்ற் இந்த மொனிற்றருக்குப் போதாது, படம் இருட்டாக வரும். கணினி மொனிற்றருக்கான 31 கிலோஹேர்ட்ஸ் சிக்னல் போனால் இந்த மொனிற்றரின் ஹொரிசொண்டல் ட்ரான்சிஸ்டர் அடிபடலாம், அதனால் பை முழுதாக எழும்பின பிறகே மொனிற்றரைச் சேருங்கோ. பழைய போர்டை எறிய வேண்டாம்.

அந்தப் போர்டைத் துடைக்கிறதில் ஒரு கவனம். எல்லாரும் ஐசோபுரொப்பைல் அல்ககோல் எடுப்பார்கள். கடல் உப்பு அல்ககோலில் கரையாது, தண்ணியில்தான் கரையும். கார் பற்றரிக்கு ஊத்துற டிஸ்ரில் வோட்டரைத் தூரிகையால் போட்டு முதல் கழுவுங்கோ. அசிட் கலந்ததை வாங்கிப்போடாதீங்கோ. பிறகு அல்ககோல், பிறகு ஒரு நாள் முழுக்க நிழலில் உலர்த்தல். ஜாமா விளிம்பின் 56 தொடுமுனைகளையும் வெள்ளை அழிறப்பரால் மெல்லத் தேய்ச்சால் போதும், சாண்ட்பேப்பர் பொன் பூச்சை உரிச்சிடும். வயரின் தோலை உரிக்கும்போது செம்பு கறுத்திருந்தால் மினுங்குற இடம் வரும்வரை வெட்டுங்கோ. வராவிட்டால் வயரே மாத்துங்கோ: 5 வோல்ற்றுக்கும் எர்த்துக்கும் 0.75 சதுர மில்லிமீற்றர்.

முதல் ஓட்டத்தில் போர்டும் மொனிற்றரும் கழன்றிருக்க, பவர் சப்ளை மட்டும். சுமை இல்லாமல் சில சப்ளை எழும்பாது. 5 வோல்ற் முனையில் 12 வோல்ற் பிரேக் பல்ப் ஒன்றைக் கட்டுங்கோ, மங்கலாக எரிஞ்சால் சரி. போர்டைச் சேர்த்த பிறகு 5 வோல்ற்றைச் சப்ளையில் அளக்க வேண்டாம், போர்ட் விளிம்பில் அளவுங்கோ. 5.00க்கும் 5.10க்கும் இடையில் நிற்க வேணும். 4.7க்கு இறங்கினால் கேம் தன்பாட்டில் நின்று திரும்பத் தொடங்கும். அப்போது சப்ளையைத் திருகி ஏத்தாதீங்கோ, கறள் பிடிச்ச தொடுமுனையைத் தேடுங்கோ.

உப்புவெளி_27

திறந்தேன். இரண்டு ட்ரான்ஸ்போமர் இருக்கு. ஒன்றில் 230/100 என்று எழுதியிருக்கு, மற்றதில் 100/100. இரண்டாவது எதற்கு என்று புரியேல்ல. பட்டன் இருக்கிற மேல்பலகை 60 சென்ரிமீற்றர் அகலம்.

உவர்மலை வயர்காரன்

அந்த 100/100தான் நான் சொன்ன ஐசொலேஷன். நான்கு முனையையும் கழற்றி, உள்ளே வரும் சோடிக்கும் வெளியே போகும் சோடிக்கும் இடையில் ஓம் அளவுங்கோ. மீற்றர் அசையவே கூடாது. அசைந்தால் அதைப் போட வேண்டாம்.

60 சென்ரிமீற்றரில் ஆளுக்கு மூன்று பட்டன் வசதியாக நிற்கும், ஆறு நெருக்கடி. ஜாமா வயரிங்கிலும் ஆளுக்கு மூன்றுதான் வழக்கம். மேல்பலகை மெல்லிய இரும்புத் தகடாக இருந்தால் 30 மில்லிமீற்றர் துளை, ஸ்ரார்ட்டுக்கு 24, பட்டன் நடுவுக்கு நடு 36. துளைக்க முதல் அட்டையில் வெட்டி இரண்டு பேர் தோளோடு தோள் நின்று பாருங்கோ.